நவம்பரில் சுப்பீரியர் ஏரி: ஐந்து நாள் சாலைப் பயணம் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

என் தந்தைக்கு வயது 71. பொதுப்பணித் துறையில் உதவிப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். பணிக்காலத்தின் பெரும்பகுதியைக் காவிரிப் பாசனத்தின் மதகுகளோடும் ஷட்டர்களோடும் கழித்தவர். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், டெட்ராய்ட் புறநகரில் உள்ள எங்கள் வீட்டுக்கு ஜூலையில் வந்தார். வந்த நாளிலிருந்து அவர் கேட்டது ஒன்றுதான்: "அந்தச் சுப்பீரியர் ஏரியை ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட வேண்டும், தம்பி." கோடை முழுவதும் எனக்கு வேலை ஒழியவில்லை. கடைசியில் விடுப்பு கிடைத்தது நவம்பர் 8 முதல் 12 வரை. அவர் ஊர் திரும்பும் டிக்கெட் 20-ஆம் தேதிக்கு. போனால் அப்போது போக வேண்டும், இல்லையென்றால் இல்லை.

போனோம். ஏரியைப் பார்த்தார். ஆனால் இரண்டாம் நாள் இரவு, எழுபது வயதைக் கடந்த ஒருவரை நான் கொண்டுபோய் நிறுத்தியிருக்கக் கூடாத இடத்தில் நிறுத்தினேன். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆகாமல் போனது எங்கள் திறமையால் அல்ல என்பதால்தான் இதை எழுதுகிறேன். பெற்றோரை அழைத்துவந்திருக்கும் நண்பர்கள் பலர் இலையுதிர்காலம் முடிந்தபிறகு மிச்சிகனின் வடக்கே போக வழி கேட்கிறார்கள். அவர்களுக்கு இது பயன்படட்டும். நேரங்களும் தூரங்களும் என் நினைவிலிருந்து வந்தவை அல்ல, தந்தையின் குறிப்பேட்டிலிருந்து வந்தவை. ஷட்டரை எத்தனை மணிக்கு எத்தனை அங்குலம் தூக்கினோம் என்று எழுதிப் பழகிய கை அது.

யாருடைய பருவம் முடிந்தது

சுப்பீரியர் ஏரியின் தென்கரையான மிச்சிகனின் மேல் தீபகற்பத்தில் சுற்றுலா அக்டோபர் நடுவோடு ஓய்ந்துவிடும். பிக்சர்ட் ராக்ஸ் பாறைச்சுவர்களைக் காட்டும் படகுகள் அப்போதே கரையேறிவிடும். ஒயிட்ஃபிஷ் முனையில் உள்ள கப்பல் விபத்து அருங்காட்சியகம் அக்டோபர் 31-உடன் கதவடைக்கும். பனிச்சறுக்கு வண்டிக்காரர்கள் வர டிசம்பர் ஆகும். இரண்டு கூட்டங்களுக்கும் இடைப்பட்ட இந்த நாட்களில் பல விடுதிக்காரர்கள் தாங்களே விடுமுறைக்குப் போய்விடுவார்கள். அறை வாடகை குறைவு, பாதைகளில் ஆளில்லை. இவை என்னை இழுத்தன.

முடிந்தது மனிதர்களின் பருவம் மட்டுமே. ஏரிக்கு இதுதான் உச்சம். 82,100 சதுர கிலோமீட்டர் பரப்பு, அதாவது இலங்கையைவிடப் பெரியது. அதிகபட்ச ஆழம் 406 மீட்டர். பூமியின் மேற்பரப்பில் உள்ள நன்னீரில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு இதற்குள் இருக்கிறது. இவ்வளவு நீர் கோடையில் வாங்கிய வெப்பத்தைச் சட்டென்று விட்டுவிடாது. நவம்பரில் கனடாவிலிருந்து வடமேற்குக் காற்று பூஜ்யத்துக்குக் கீழான குளிரோடு இறங்கும்போது, ஏரி நீர் அதைவிடச் சூடாக இருக்கும். காற்று நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நீர்மேல் ஓடி வரும் வழியில் சூட்டையும் ஈரத்தையும் உறிஞ்சி, தென்கரையில் நிலம் தட்டியதும் அத்தனையையும் பனியாகக் கொட்டிவிடும். நான் இதை விளக்கியபோது தந்தைக்கு இரண்டாவது வாக்கியம் தேவைப்படவில்லை. "நம் ஐப்பசி மழைதான். அங்கே வங்காள விரிகுடா, இங்கே ஏரி" என்றார்.

ஒரு வேறுபாடு இருக்கிறது. ஏரிப்பனி பட்டை பட்டையாக விழும். ஒரு பட்டைக்குள் பத்தடி தூரம் தெரியாது. சிறிது தள்ளி வானத்தில் நட்சத்திரம் மின்னும். ஊர்ப்பெயரைத் தட்டினால் "லேசான பனி, ஒரு டிகிரி" என்று காட்டும் கைபேசிச் செயலிக்கு இந்தப் பட்டைகள் பிடிபடுவதில்லை. தேசிய வானிலைச் சேவையின் வட்டார அலுவலகங்கள் எழுதும் விரிவான அறிக்கையைத்தான் படிக்க வேண்டும். அதிலும் நான் சறுக்கினேன். எங்கள் பாதையின் கிழக்குப் பாதி கேலார்ட் நகர அலுவலகத்தின் பொறுப்பு, நியூபெரி என்ற ஊரிலிருந்து மேற்கே மார்க்கெட் (Marquette) நகர அலுவலகத்தின் பொறுப்பு. நான் பார்த்து வைத்திருந்தது மார்க்கெட்டின் அறிக்கையை மட்டும்.

கப்பலுக்காகக் காத்திருந்த மூன்றரை மணி நேரம்

முதல் நாளைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. நெடுஞ்சாலை 75-இல் வடக்கே ஓட்டம், 1957 நவம்பர் 1-இல் திறந்த மேக்கினா பாலத்தில் எட்டுக் கிலோமீட்டர், இருட்டும் வேளையில் சூ சேன்ட் மரீ. பாலத்துக்கு மேற்கே மிச்சிகன் ஏரி, கிழக்கே ஹியூரான் ஏரி. நீர்மட்டம் இரண்டுக்கும் ஒன்றே என்பதால் நீரியல் கணக்கில் இரண்டும் ஒரே ஏரிதான் என்று சொல்லிக்கொண்டே கடந்தோம்.

மறுநாள் காலை 10 மணிக்குச் சூ லாக்ஸ் பூங்கா. சுப்பீரியர் ஏரியின் நீர் வெளியேற இருக்கும் ஒரே இயற்கை வழி செயின்ட் மேரிஸ் ஆறு. ஏரியை விட்டுப் புறப்பட்டதுமே அது பாறைகளின் மேல் 21 அடி இறங்குகிறது. அந்த இறக்கத்தைக் கப்பல்கள் கடப்பதற்காக 1855 முதல் இங்கே நீர்த்தொட்டிகள் இயங்குகின்றன. கப்பல் தொட்டிக்குள் நுழைந்ததும் கதவடைத்து, மேற்புறத்து நீரை உள்ளே விடுவார்கள். நீர் ஏற, கப்பலும் ஏறும். பம்பு ஒன்றும் கிடையாது, புவியீர்ப்பு ஒன்றே வேலை செய்கிறது. பெரிய தொட்டியான 'போ' 1,200 அடி நீளம், 110 அடி அகலம். ஆயிரம் அடிக் கப்பல்களின் அகலம் 105 அடி. பக்கத்துக்கு இரண்டரை அடி இடைவெளி.

இரண்டு தகவல்கள் தந்தையை அங்கேயே கட்டிப்போட்டன. ஆற்றில் சராசரியாக விநாடிக்குச் சுமார் 75,000 கனஅடி ஓடுகிறது என்பது ஒன்று. ஆற்றின் தலைமாட்டில் 16 மதகுகள் கொண்ட கதவணை இருக்கிறது, அமெரிக்காவும் கனடாவும் சேர்ந்து அதைக் கொண்டு ஏரியின் வெளியேற்றத்தை நெறிப்படுத்துகின்றன என்பது இன்னொன்று. "இவ்வளவு பெரிய ஏரிக்கும் ஷட்டர் போட்டிருக்கிறான்" என்று அவர் சொன்ன குரலில் ஒரு தொழிற்காரனின் மகிழ்ச்சி இருந்தது. அதைக் கேட்டபிறகு, கப்பல் ஒன்று ஏறுவதைப் பார்க்காமல் அவரைக் கிளப்ப எனக்கு மனம் வரவில்லை.

கப்பல்களின் நடமாட்டத்தைக் காட்டும் செயலியில் அடுத்தது 11 மணிக்கு என்றிருந்தது. பிறகு 12 ஆனது, பிறகு ஒன்றரை. கம்பி வேலி ஓரத்தில் ஃபிளாஸ்க் காபியோடு நின்றோம். கடைசியில் 1.40-க்கு ஒரு நீண்ட தாதுக் கப்பல் கீழ்ப்புறத்திலிருந்து நுழைந்தது. அதன் தளம் எங்கள் முழங்கால் மட்டத்திலிருந்து மெல்ல மெல்லத் தலைக்கு மேலே போயிற்று. இத்தனைக்கும் பெரிய சத்தமில்லை. வடக்கயிறு பிடித்து நின்ற மாலுமி தந்தையைப் பார்த்துக் கை உயர்த்தினார். அவரும் உயர்த்தினார்.

இந்த ஆய்வின் முதல் திருப்பம் இங்கேதான் இருக்கிறது. அன்று கப்பல்கள் ஏன் தாமதமாயின? மேல் ஏரியில் பலத்த காற்றுக்கு எச்சரிக்கை இருந்தது. காற்றைக் கணக்கிட்டு அவர்கள் தங்கள் நேரத்தைத் தள்ளிக்கொண்டார்கள். எங்களுக்கு அந்தத் தாமதமே வானிலை அறிவிப்பாகப் பட்டிருக்க வேண்டும். நானோ அதை வெறும் காத்திருப்பாகக் கழித்துக்கொண்டேன். புறப்பட்டபோது மணி 2.40.

ஒயிட்ஃபிஷ் முனை

பாரடைஸ் என்னும் சிற்றூரைக் கடந்து முனைக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி 4.20. அருங்காட்சியகம் மூடியிருந்தது, அது தெரிந்ததுதான். கலங்கரை விளக்கம் எரிந்துகொண்டிருந்தது. 1849-இல் இங்கே முதல் விளக்கேற்றினார்கள். சுப்பீரியர் ஏரியில் இன்றுவரை பணியில் இருப்பவற்றில் மிகப் பழைய விளக்குநிலையம் இதுதான்.

காரின் கதவைத் திறக்கவே தோள் கொடுக்க வேண்டியிருந்தது. மேற்குக் கரையில் அலைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி விழுந்தன. ஏரி அலை கடல் அலையைப் போல மூச்சு விட்டு வருவதில்லை. இடைவெளி குறைவு, அடி அடியாக விழுகிறது. தந்தை விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்தார். "உப்பு இல்லை" என்றார், அது இருக்காது என்று தெரிந்தும். கூழாங்கற்கள் உருளும் ஓசை அலையின் ஓசைக்கு அடியில் தனியாகக் கேட்டது.

நிலமுனையின் மறுபுறம், கிழக்கே, விரிகுடா அவ்வளவு அமைதியாக இருந்தது. அங்கே மூன்று இடங்களில் விளக்குகள். நங்கூரமிட்டுக் காற்றுக்கு ஒதுங்கி நின்ற கப்பல்கள். பிற்பகலில் நாங்கள் பார்த்து அனுப்பிய கப்பலும் அவற்றில் ஒன்றாக இருக்கலாம்.

1975 நவம்பர் 10 இரவு எட்மண்ட் ஃபிட்ஸ்ஜெரால்ட் வந்து சேர முயன்றது இந்த ஒதுக்கிடத்துக்குத்தான். 729 அடிக் கப்பல். வயிற்றில் 26,000 டன்னுக்கு மேல் இரும்புத்தாது உருண்டைகள். முந்தின நாள் விஸ்கான்சினில் சரக்கேற்றிக்கொண்டு டெட்ராய்டு நோக்கி வந்தது. அன்று இந்த முனையின் விளக்கும் மின்தடையால் அணைந்திருந்தது. இங்கிருந்து சுமார் 27 கிலோமீட்டர் தொலைவில், 160 மீட்டர் ஆழத்தில் மூழ்கியது. 29 பேர் இருந்தார்கள். ஒருவர்கூடப் பிழைக்கவில்லை, ஒரு உடலும் கரை சேரவில்லை. 1995-இல் எடுத்துவந்த அதன் மணி, அருங்காட்சியகத்தின் பூட்டிய கதவுக்கு அப்பால் இருந்தது. ஆண்டுதோறும் நவம்பர் 10 அன்று அந்த 29 பேருக்காக மணி ஒலிக்கிறார்கள். அதற்கு இன்னும் ஒரு நாள் இருந்தது.

நான் இவ்வளவையும் தந்தைக்குச் சொன்னேன். சொல்லி முடிக்கும்போது மணி 5.10, சூரியன் போய்விட்டது. காற்றுக்கு அஞ்சி முந்நூறு மீட்டர் நீளக் கப்பல்கள் ஒதுங்கி நிற்பதைப் பார்த்த பிறகும், அடுத்து நாங்கள் போகும் சாலை அதே காற்றின் வழியில் இருக்கிறது என்று எனக்குத் தோன்றவில்லை.

பூட்டிய கதவு

பாரடைஸில் பதிவு செய்திருந்த விடுதிக்கு 5.40-க்கு வந்தோம். இருட்டு. கதவில் கையால் எழுதிய ஒரு தாள்: பருவம் முடிந்துவிட்டது, டிசம்பரில் சந்திப்போம். பணம் வாங்கிய இணையதளத்தின் உறுதிக் கடிதம் என் கைபேசியில் இருந்தது. கைபேசியில் சிக்னல் இல்லை. பனி விழத் தொடங்கியிருந்தது, தூவலாக அல்ல, சரமாக.

வழியில் ஒரு பெட்ரோல் நிலையத்தில் விளக்கு எரிந்தது. உள்ளே இருந்த நடுவயதுப் பெண்ணிடம் நியூபெரிக்குப் போகிறோம் என்றேன். வரைபடம் காட்டிய வழி டாக்வாமெனான் அருவிப் பூங்கா ஊடாகக் காட்டுச் சாலையில் சுமார் 60 கிலோமீட்டர். அவர் தலையை ஆட்டினார். தெற்கே இறங்கி 28-ஆம் எண் சாலையைப் பிடிக்கச் சொன்னார். சுமார் 80 கிலோமீட்டர். ஆனால் பனி அகற்றும் வண்டி முதலில் ஓடுவது அங்கே, லாரிகளும் போகும், சறுக்கி ஓரத்தில் நின்றாலும் யாராவது வருவார்கள். எங்கள் டயரை எட்டிப் பார்த்துவிட்டு, "மணிக்கு நாற்பது மைலுக்கு மேல் போகாதீர்கள்" என்றார். நியூபெரியில் திறந்திருக்கும் ஒரு விடுதிக்குத் தன் தொலைபேசியில் அவரே பேசி அறை உறுதி செய்தார். துப்பாக்கி மான் வேட்டை நவம்பர் 15-இல் தொடங்குகிறது. இன்னும் நான்கு நாள் கழித்து வந்திருந்தால் அந்த அறையும் இருந்திருக்காது.

அந்த 80 கிலோமீட்டருக்கு இரண்டேகால் மணி நேரம் ஆயிற்று. ஹைபீம் போட்டால் வெள்ளைச் சுவர். தாழ்த்தினால் முன்னே இரண்டு கார் நீளம். சாலை எங்கே முடிகிறது என்பதை ஓரத்துக் கழிகளை வைத்துத் தந்தை சொல்லிக்கொண்டே வந்தார்: "வலம் சரி... வலம் சரி... இடம் கொஞ்சம்." ஒரு இடத்தில் அவர் "நில்" என்றார். கேள்வி கேட்காமல் பிரேக்கை மெல்ல அழுத்தினேன். கார் நிற்பதற்குள் இன்னும் ஒரு கார் நீளம் வழுக்கிப் போயிற்று. கண்ணாடிக்கு முன்னே, கை நீட்டினால் தொடும் தூரத்தில், ஒரு பெண்மான். அதன் இமைமுடியில் பனி ஒட்டியிருந்தது. அது எங்களைப் பார்த்தது. பின் அதன் வழியே போயிற்று. மிச்சிகனில் ஆண்டுக்கு 50,000-க்கும் அதிகமான வாகனங்கள் மான்மீது மோதுகின்றன. அவற்றின் இணைசேரும் காலமான அக்டோபர், நவம்பர் மாதங்களில்தான் அதிகம்.

காரணம் பனி அல்ல

அன்றிரவு விடுதியில் தூக்கம் வரவில்லை. தந்தையின் குறிப்பேட்டை விரித்து, இருவரும் நாளைப் பின்னோக்கி நடந்தோம்.

அடிப்படைப் பிழையை நான் வீட்டிலேயே செய்திருந்தேன். என் பயணத்திட்டம் ஒரு நண்பர் ஜூலையில் போய்வந்ததன் நகல். அதன்படி இரண்டாம் நாளில் லாக்ஸ், முனை, டாக்வாமெனான் அருவி மூன்றும் அடங்கும். ஜூலையில் இங்கே பகல் 15 மணி நேரத்தைத் தாண்டும். நவம்பர் 9-இல் சுமார் 9 மணி 40 நிமிடம். தூரம் அதே தூரம்தான், அதனால் திட்டம் சரியாகவே தெரிந்தது. கிலோமீட்டரில் போட்ட திட்டத்தை வெளிச்சத்தில் போட்டிருந்தால், லாக்ஸில் மூன்றரை மணி நேரம் நிற்பதென்றால் முனைக்கு மறுநாள்தான் என்பது அங்கேயே தெரிந்திருக்கும்.

டயர் அடுத்தது. எங்கள் காரில் ஆல் சீசன் டயர்கள். வெப்பநிலை 7 டிகிரிக்குக் கீழே போனால் அவற்றின் ரப்பர் இறுகி, பிடிப்புக் குறையத் தொடங்கும். பனிக்கால டயர் அந்தக் குளிரிலும் இளகியே இருக்கும். டெட்ராய்டில் டிசம்பரில் மாற்றுவது என் வழக்கம். வடக்கே போகிறவன் வடக்கின் நாட்காட்டியைப் பார்த்திருக்க வேண்டும்.

விடுதிக்கு நான் தொலைபேசியில் பேசவில்லை. பருவம் ஓய்ந்த நாட்களில் இணையப் பதிவுக்கு அறை இருப்பது தெரியும், ஆள் இருப்பது தெரியாது. இரண்டு நிமிடப் பேச்சு போதுமாயிருந்தது.

தந்தை இன்னொன்றைச் சேர்த்தார். என்னால் மறுக்க முடியவில்லை. "நான் கப்பலைப் பார்க்க ஆசைப்பட்டேன் என்று நீ நேரத்தைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் வந்திருப்பேன். வெள்ளம் வருகிறது என்று தெரிந்தால் மதகுக்காரனிடம் மரியாதைக்காகச் சொல்லாமல் இருப்பாயா?" பெரியவரைக் களைப்பாக்கக் கூடாது, ஏமாற்றக் கூடாது என்று நான் எண்ணியது உண்மை. அதனால் பயணத்தின் ஆபத்தைப் பற்றி முடிவெடுக்கும் உரிமையை அவரிடமிருந்து எடுத்துக்கொண்டேன். வாழ்நாள் முழுவதும் நீரின் குணத்தைப் பார்த்து முடிவெடுத்தவர் அவர். வண்டியில் எங்கள் இருவரில் அதற்குத் தகுதியானவர் அவர்தான்.

மீதி மூன்று நாட்களுக்கு விதிகளை அவரே எழுதினார். மாலை 4 மணிக்கு மேல் வண்டி ஓடாது. காலையில் இரண்டு அலுவலகங்களின் அறிக்கையையும் உரக்கப் படிக்க வேண்டும். தங்கும் இடத்தோடு பேசாமல் கிளம்பக் கூடாது. பெட்ரோல் பாதி இறங்கினால் நிரப்ப வேண்டும். பனி அகற்றாத சாலையில் கால்கூட வைக்கக் கூடாது. இந்தக் கடைசி விதிக்காக மைனர்ஸ் கேசில் பாறையை விட்டுக்கொடுத்தோம். திருப்பத்தில் நின்று, அந்தச் சாலையில் ஒரு சக்கரத் தடமும் இல்லாததைப் பார்த்துத் திரும்பினோம்.

அதன் பிறகு பார்த்தவை

10-ஆம் தேதி காலை காற்று அடங்கிவிட்டது. சாலையைச் சுத்தம் செய்தபிறகே டாக்வாமெனான் மேல் அருவிக்குப் போனோம். 60 மீட்டருக்கு மேல் அகலம், 15 மீட்டர் உயரம். நீர் கருப்பட்டிக் காபியின் நிறம். ஆற்றுக்கு வரும் சதுப்புநிலங்களில் சிடார், ஹெம்லாக் மரங்களிலிருந்து ஊறும் துவர்ப்புச் சத்து தரும் நிறம் அது. கோடைப் படங்களில் அது அழுக்கு நீர் போலத் தெரிந்திருந்தது. இப்போது இரு கரையிலும் முதல் பனி, நடுவில் அந்தப் பழுப்பு பளபளத்து வளைந்து இறங்கியது. கோடையில் வருபவர்களுக்கு இந்த நிறப்பொருத்தம் கிடைக்காது. அதிகபட்சமாக விநாடிக்கு 50,000 காலன் பாய்ந்ததாகப் பதிவு இருக்கிறது. தந்தை அதை உடனே மாற்றினார்: சுமார் 6,700 கனஅடி. மேட்டூர் நீர்த்திறப்புச் செய்தியைப் போலச் சொன்னால்தான் அவருக்கு நீர் கண்ணில் தெரியும். எங்களைத் தவிர அங்கே இரண்டே பேர். வேட்டைக்காலம் நெருங்குவதால் அவர்களும் எங்களைப் போலவே ஆரஞ்சு மேலங்கி அணிந்திருந்தார்கள்.

பிறகு சீனி என்ற ஊரிலிருந்து ஷிங்கிள்டன் வரை, சதுப்புநிலத்தின் நடுவே 40 கிலோமீட்டர் வளைவே இல்லாத சாலை. பகலில், வெயிலில், அது கோடு கிழித்தது போல இருந்தது. இதை இருட்டில் கடப்பதாகத்தான் பழைய திட்டம். முனிசிங்கில் பேஸ்டி சாப்பிட்டோம். கார்ன்வால் சுரங்கத் தொழிலாளர்கள் கொண்டுவந்த பண்டம். வடிவில் நம் சோமாஸ், அளவில் அதன் நான்கு மடங்கு, எங்களுடையதில் உள்ளே காய்கறி மட்டும். ஊரை ஒட்டிய முனிசிங் அருவியின் விளிம்பில் பனிக்கட்டி விழுதுகள் அப்போதுதான் பிடிக்கத் தொடங்கியிருந்தன.

11-ஆம் தேதி மனிஸ்டீக் அருகே கிட்ச்-இட்டி-கிப்பி ஊற்று. 200 அடி அகலம், 40 அடி ஆழம். ஆண்டு முழுவதும் 7 டிகிரி, குளிர்காலத்திலும் உறைவதில்லை. கம்பியில் கட்டிய ஒரு மிதவை இருக்கிறது. வருபவர்களே சக்கரத்தைச் சுற்றி அதை நடுவுக்கு ஓட்டிக்கொள்ள வேண்டும். கோடையில் வரிசையில் நிற்க வேண்டிய இடம். அன்று மிதவை முழுவதும் எங்களுடையது. தந்தை சக்கரத்தை என்னிடம் விடவில்லை. நடுவே நிறுத்தி, குனிந்து, அடிமணலைப் பார்த்தார். பச்சைக் கண்ணாடி போன்ற நீருக்கு அடியில், பத்துப் பன்னிரண்டு இடங்களில் மணல் கொதித்தது. உலையில் அரிசி புரள்வது போல எழும்பி, பக்கவாட்டில் சரிந்து, மீண்டும் எழும்பியது. பெரிய மீன்கள் அதன்மேல் அசையாமல் நின்றன. முக்கால் மணி நேரம் நாங்கள் பேசவில்லை.

அன்று செயின்ட் இக்னேஸ் வந்தபோது மணி 3.20. மேக்கினா பாலத்தில் பலத்த காற்று எச்சரிக்கை. மணிக்கு 20 மைல் வேகத்துக்குக் குறைத்துப் போகச் சொன்னார்கள். போயிருக்கலாம், போகவில்லை. பாலம் தெரியும் ஒரு அறையை எடுத்தோம். போகும் முன்பே அந்த விடுதிக்குப் பேசியவர் தந்தை. இரவு குறிப்பேட்டில் அவர் எழுதியது இது:

"நவ. 11. புறப்பாடு 8.30, சேர்ந்தது 3.20. காற்று மேற்கு, பலம். பெட்ரோல் முழு. ஊற்று: நிமிடத்துக்கு 10,000 காலன் = 22 கனஅடி. ஷட்டர் இல்லை."